பலகையின் பின்னால் ஒரு பெயர்

கோவையில் என் வீட்டுக் கூடத்துச் சுவரில் ஒரு ஜோடி கடமான் கொம்பு மாட்டியிருக்கிறது. வருகிறவர்கள் முதலில் கேட்பது, "நிஜக் கொம்பா?" அடுத்தது, "இதெல்லாம் வீட்டில் வைத்திருந்தால் கேஸ் ஆகாதா?" யார் சுட்டது, எந்தக் காட்டில், கூட யார் போனது என்று அநேகமாக யாரும் கேட்பதில்லை. அந்தக் கேள்விகளுக்காகத்தான் அதைச் சுவரில் வைத்திருக்கிறேன்.

சட்டத்துக்கான பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொம்பு என் தாத்தாவினுடையது. 1972-ல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு, வனத்துறையிடம் முறையாக எழுதிக்கொடுத்து உரிமைச் சான்றிதழ் வாங்கிவைத்தார். அப்பா காலமானதும் வாரிசு என்ற முறையில் நான் 90 நாளுக்குள் மறுபடி எழுதிக்கொடுத்தேன். இதை விற்க முடியாது. ஆசைப்பட்டவருக்கு எடுத்துக் கொடுக்கவும் முடியாது. எனக்குப் பிறகு என் வாரிசுக்குப் போகலாம், அவ்வளவுதான். சட்டம் இத்தனை கறாராக இருப்பது நல்லது. பொழுதுபோக்கு வேட்டைக்கு 1991 திருத்தம் முழுத்தடை போட்டதும் நல்லதே. அந்தத் தடையைத் தளர்த்தச் சொல்லும் எவரோடும் எனக்கு உடன்பாடு கிடையாது.

நான் பேச வந்தது, ஏற்கெனவே செத்துப்போன விலங்குகளைப் பற்றி. நீலகிரியிலும் ஆனைமலையிலும் ஏற்காட்டிலும், அங்கிருந்து இறங்கி வந்து கோவையிலும் சென்னையிலும் குடியேறிய குடும்பங்களிலும் கொம்பும் தோலும் பாடம் செய்த தலையும் இன்னும் இருக்கின்றன. சிலர் பெருமையாக மாட்டியிருக்கிறார்கள். சிலர் பயந்து பரணில் போட்டிருக்கிறார்கள். இந்தப் பொருள்களுக்கு வீட்டாரைப் பொறுத்தவரை ஓர் அர்த்தம் உண்டா, உண்டென்றால் அது எங்கிருந்து வருகிறது என்பதுதான் என் கேள்வி.

வேட்டை உலகம் இதற்கு வெகுகாலமாகச் சொன்ன பதில், அளவு. லண்டனில் விலங்குகளைப் பாடம் செய்யும் தொழில் நடத்திய ரோலண்ட் வார்ட் 1892-ல் ஒரு பதிவேடு வெளியிட்டார். எந்த மிருகத்தின் கொம்பு எத்தனை அங்குலம், சுட்டவர் யார் என்ற வரிசை. அதில் பெயர் வரவேண்டும் என்பதற்காகவே கடல் தாண்டிப் போய்ச் சுட்டவர்கள் உண்டு. அந்தக் கணக்கில் எங்கள் கொம்பு ஒன்றுமேயில்லை. முப்பது அங்குலம் தேறாது. இடது கொம்பின் கவட்டை நுனி வேறு உடைந்திருக்கிறது.

இன்னொரு பதில், எண்ணிக்கை. இப்போதைய சத்தீஸ்கரில் இருக்கும் சர்குஜாவின் மகாராஜா, தாம் சுட்ட புலிகள் 1,150 என்று 1965-ல் விலங்கியலாளர் ஜார்ஜ் ஷாலருக்குக் கடிதம் எழுதினார். அந்த எண்ணைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரே ஒரு கேள்விதான் வருகிறது. அதில் எத்தனை புலிகளை அவரால் தனித்தனியே நினைவுகூர முடிந்திருக்கும்? பத்தை? இருபதை? மற்றவை வெறும் எண். ஓர் உயிரை எடுத்தவருக்கே அது நினைவில் இல்லை என்றால், அதன் தோலில் மட்டும் என்ன பொருள் தங்கும்?

மூன்றாவது பதில், தோற்றம். அதற்கு மைசூருக்கு வருவோம். வான் இங்கன் குடும்பத்தார் அங்கே பாடம் செய்யும் கூடம் ஒன்றை 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தொடங்கினார்கள். நூற்றாண்டின் கடைசிவரை அது நடந்தது. மகாராஜாக்களும் வெள்ளைக்கார அதிகாரிகளும் எஸ்டேட் துரைமாரும் தாங்கள் சுட்டதை அங்கேதான் அனுப்பினார்கள். புலியும் சிறுத்தையுமாக அவர்கள் கை வழியாகப் போனவை நாற்பதாயிரத்துக்கும் மேல். அச்சு வைத்துக் காகிதக்கூழில் உடம்பு செய்து, அதன் மேல் தோலைப் போர்த்தி, கண்ணாடிக் கண் வைப்பார்கள். வேலைப்பாடு அற்புதம்; நானே அருகில் நின்று பார்த்திருக்கிறேன். ஆனால் பல புலிகளுக்கு ஒரே முகம். வாயைப் பிளந்து, பல்லைக் காட்டி, சுட்டவர் மீது பாயப்போவது போன்ற கோபம். அவற்றில் எத்தனையோ, பரண் மேல் காத்திருந்தவர் குண்டில் தண்ணீர் குடிக்க வந்த நிலையிலும், ஆள் விரட்டலுக்குப் பயந்து ஓடிய நிலையிலும் செத்தவை. அந்தக் கோபம் அச்சில் வந்தது. சுட்டவரின் வீரத்துக்குத் தேவையான முகத்தைப் புலிக்கு மாட்டிவிட்டார்கள். அப்படிப்பட்ட தலையைப் பார்க்கும்போது, அந்தப் புலியைப் பற்றி எதுவுமே தெரிந்துகொள்ள முடியவில்லை என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

விலை கொடுத்து வாங்குவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2015-ல் ஜிம்பாப்வேயின் ஹ்வாங்கே தேசியப் பூங்காவை ஒட்டி, ஆய்வாளர்கள் பல வருஷமாகப் பின்தொடர்ந்துவந்த செசில் என்ற சிங்கத்தை, பணம் கட்டி வந்த ஒரு வெளிநாட்டுக்காரர் கொன்றார். கழுத்தில் ஆய்வுப் பட்டையோடு திரிந்த மிருகம் அது. நம் ஊரில் புலிநகத்தில் தங்கப் பூண் போட்டு மாட்டிக்கொண்டு சுற்றுபவர்களும் இதே ரகம். சங்க காலத்துக் குழந்தைகள் கழுத்தில் புலிப்பல் தாலி இருந்தது. ஊருக்குள் எல்லாருக்கும் தெரிந்த ஒரு புலியின் பல்லாக அது இருந்திருக்கும் என்று நினைக்க எனக்குப் பிடிக்கும். கடையில் ரகசியமாக வாங்கும் நகம் எந்தப் புலியுடையது, அதை எந்த விஷம் வைத்துக் கொன்றார்கள் என்று வாங்குபவருக்குத் தெரியாது. பல சமயம் அது நகமே கிடையாது, மாட்டுக் கொம்பில் சீவிய போலி.

இனி எங்கள் கொம்பு.

தாத்தா கூடலூர் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். டாக்டர் வாரத்துக்கு ஒருநாள் வருவார். மற்ற நாளெல்லாம் ஊசி, மருந்து, பிரசவம் எல்லாம் தாத்தாதான். எஸ்டேட்டுக்குக் கீழே ஒரு முள்ளு குறும்பர் ஊர். அங்கே ஒருவருடைய மகளுக்கு டைபாய்டு கண்டு, தாத்தா தினமும் சாயங்காலம் இறங்கிப் போய்ப் பார்த்து, அந்தப் பெண் பிழைத்தாள். அதற்குப் பிறகு இருவரும் சிநேகிதர்கள். அவர் தாத்தாவைக் 'கம்பவுண்டரே' என்பார். தாத்தா அவரைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார். ஆனால் ஆஸ்பத்திரித் திண்ணையில் தனக்குச் சமமாக உட்காரவைத்துக் காப்பி கொடுப்பார். அந்தக் காலத்து எஸ்டேட்டில் அது சாதாரணக் காரியம் அல்ல என்று பாட்டி சொல்வார்.

அப்போது நீலகிரியில் லைசென்ஸ் எடுத்துச் சுடலாம். அந்த மாவட்டத்தில் வேட்டைக்கு விதிமுறை புதிதல்ல. 1879-லேயே அதற்கென்று தனிச் சட்டம் வந்துவிட்டது. 1961 டிசம்பரில் தாத்தா லைசென்ஸோடும் தன் இரட்டைக்குழல் துப்பாக்கியோடும் போனார். தடம் பார்த்தவர் அந்தக் குறும்பர். சாயங்காலம் சோலை ஓரத்தில் ஒரு கடமான் ஆண் நின்றது. தாத்தா சுட்டார். குண்டு சரியான இடத்தில் படவில்லை. மான் விழாமல் புதருக்குள் போய்விட்டது. இருட்டும் பனியும் சேர்ந்துகொண்டன.

மறுநாள் நடந்ததைத் தாத்தா சொன்னபடி அப்பா எனக்குச் சொல்லியிருக்கிறார். விடிந்ததும் குறும்பர் குனிந்து, சில இடங்களில் மண்டியிட்டு, உண்ணிச்செடி இலைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். ரத்தம் இலையின் மேல்பக்கம் சொட்டாக இல்லை; பக்கவாட்டில் இழுபட்டிருந்தது. மான் உரசிப்போன உயரத்தை வைத்துக் காயம் வயிற்றுப் பக்கம் என்றார். நுரைத்த வெளிர்ச் சிவப்பு என்றால் நுரையீரல், சீக்கிரம் முடிந்திருக்கும். இது கறுத்திருக்கிறது, ஈரலில் பட்டிருக்கிறது, தண்ணீர் தேடித்தான் போகும் என்றார். தாத்தாவுக்கு மனித உடம்பு தெரியும். அந்த இலையில் இருந்ததைப் படிக்கத் தெரியவில்லை. ஆஸ்பத்திரிக்குத் திரும்ப வேண்டிய நேரம் ஆகிவிட்டது, விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறார். "கம்பவுண்டரே, அது வலியோட நிக்கும். நீங்க தொடங்குனது, நீங்கதான் முடிக்கணும்" என்றாராம் அவர். ஓடை திரும்பும் இடத்தில், முழங்கால் தண்ணீரில் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு அந்த மான் நின்றது. இரண்டாவது தோட்டாவை மிகக் கிட்டத்தில் போய்ப் போட்டார்.

கறியில் ஒரு பங்கு குறும்பர் ஊருக்கு, ஒரு பங்கு தோட்டத் தொழிலாளர் லயத்துக்கு. மிச்சத்தைப் பாட்டி உப்புக்கண்டம் போட்டார். கொம்பைக் குறும்பர்தான் கொண்டுவந்து தாத்தாவிடம் கொடுத்தார். தாத்தா மைசூருக்கெல்லாம் அனுப்பவில்லை. எஸ்டேட் தச்சரிடம் ஒரு தேக்குப் பலகை செய்யச் சொல்லி, மண்டையோட்டுத் துண்டோடு திருகாணி போட்டு மாட்டினார். முகம் இல்லை, கண்ணாடிக் கண் இல்லை. கொம்பின் அடியில் முத்து முத்தாக முண்டு. மேலே போகப்போக வழவழப்பு. மரத்தில் உரசி உரசிப் பழுப்பேறிய நிறம்.

பலகையைத் திருப்பினால் பென்சிலில் நாலு வரி இருக்கிறது. தேதி; இடம்; தடம் பார்த்தவர் பெயர்; கடைசியாக, முதல் குண்டு தப்பாகப் பட்டது, மறுநாள் கண்டுபிடித்தவர் அவரே என்று ஒரு வரி. மருந்துச் சீட்டு எழுதும் அதே நெருக்கிய கையெழுத்து. குறும்பரின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. அவருடைய பேரப்பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள்; அவர்களைக் கேட்காமல் பத்திரிகையில் போட எனக்கு உரிமை கிடையாது.

தாத்தா அதற்குப் பிறகும் பன்றி சுட்டிருக்கிறார், காட்டுக்கோழி சுட்டிருக்கிறார். எதையும் சுவரில் மாட்டவில்லை. இதை மட்டும் ஏன் மாட்டினார் என்பதற்கு அந்த நாலு வரியே விடை. அளவு காரணம் அல்ல. திறமையும் அல்ல, சுட்டது மோசமாகச் சுட்டது. ஓர் உயிருக்கு அவர் பட்ட கடனும், அந்தக் கடனை அடைக்கவைத்த மனிதரும் அதில் இருந்தார்கள். என் கணக்கில், வேட்டையில் கிடைத்த ஒரு பொருளுக்குச் சொந்தமாக அர்த்தம் வருவது இதனால்தான். அந்த விலங்கு எப்படிச் செத்தது என்பதை உள்ளபடி சொல்ல ஆள் இருக்க வேண்டும். அந்தச் சாவில் பங்கெடுத்த எல்லாரும் அந்தச் சொல்லில் இருக்க வேண்டும். இரண்டும் போய்விட்டால் மிஞ்சுவது எலும்பும் ரோமமும்தான்.

ஊட்டியிலும் குன்னூரிலும் பழைய பங்களாக்களில் மாட்டியிருக்கும் தலைகளுக்குக் கீழே பித்தளைத் தகடு இருக்கும். துரையின் பெயர், இடம், வருஷம். காலடி பார்த்து அழைத்துப்போன குறும்பர் பெயரையோ இருளர் பெயரையோ நான் பார்த்த ஒரு தகட்டிலும் காணவில்லை. புதருக்குள் இறங்கி விரட்டியவர்கள், மலையிலிருந்து தோளில் சுமந்து இறக்கியவர்கள், தோல் உரித்தவர்கள், ஒருவரும் இல்லை. துரை தனியாக நடந்து போய்த் தனியாகச் சுட்டதாகத்தான் தகடு சொல்கிறது. அது பொய்.

எல்லாரும் அப்படி இருந்துவிடவில்லை. 436 பேரைக் கொன்றதாகக் கணக்கிடப்பட்ட சம்பாவத் பெண்புலியை ஜிம் கார்பெட் 1907-ல் சுட்டார். ஊர் ஆட்களைத் திரட்டித் தந்தவர் அவ்வூர்த் தாசில்தார். கடைசித் தோட்டா அந்தத் தாசில்தாரின் துப்பாக்கியிலிருந்து போனது. கார்பெட்டின் தோட்டாக்கள் தீர்ந்துபோயிருந்தன. இதையெல்லாம் கார்பெட்டே எழுதியிருக்கிறார். புலியைத் தோலுரிக்கும் முன் அதை ஊர் ஊராகத் தூக்கிப்போய்க் காட்ட வேண்டும் என்று மக்கள் கேட்டார்கள். பெண்களும் குழந்தைகளும் கண்ணால் பார்த்தால்தான் அது செத்துவிட்டது என்று நம்புவார்கள் என்றார்கள். அவரும் விட்டுக்கொடுத்தார். அந்தப் பொழுதில் அந்தப் புலி ஊர்களுக்கெல்லாம் சொந்தம். அதைவிடப் பெரிய பொருள் ஒரு தோலுக்குக் கிடைத்திருக்குமா என்று எனக்குத் தெரியவில்லை.

நம் மண்ணில் இந்த நேர்மை புதிதும் அல்ல. கொங்கு நாட்டில் புலிகுத்திக் கற்கள் நிற்கின்றன. புலியோடு போராடி மாண்டவனுக்கு ஊர் எடுத்த கல். அதில் மனிதனும் புலியும் சேர்ந்தே செதுக்கப்பட்டிருக்கிறார்கள். திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. வேட்டை சம்பந்தப்பட்டதல்ல, ஆநிரைப் பூசலில் இறந்த வீரனுக்கானது. அந்த வீரனோடு நின்று கள்வர் இருவரைக் கடித்த நாயையும் அதில் செதுக்கி, கோவிவன் என்று அதன் பெயரையும் பொறித்திருக்கிறார்கள். ஏறக்குறைய பதினான்கு நூற்றாண்டுக்கு முன்னால் நாயின் பெயரை விடாமல் எழுதிய நாட்டில், போன நூற்றாண்டில் உடன் நடந்த மனிதனின் பெயரை விட்டுவிட்டோம்.

எழுதிவைப்பதன் பயன் வீட்டோடு நின்றுவிடுவதும் இல்லை. பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தாரும் பிரிட்டனின் கார்டிஃப் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து 2013-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் இங்கே சுட்டு லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் போன புலிகளிலிருந்து மரபணு எடுத்து, இன்றைய புலிகளோடு ஒப்பிட்டார்கள். பழைய புலிகளிடம் இருந்த மரபணு வகைகளில் 93 சதவீதம் இன்றைய புலிகளிடம் இல்லை. நாம் எதை இழந்தோம் என்று அந்தத் தோல்கள் சொல்லிவிட்டன. சொல்ல முடிந்ததற்குக் காரணம், எந்தப் பகுதியில் எப்போது சுடப்பட்டவை என்ற குறிப்பு அவற்றோடு இருந்ததுதான். ஊர் பேர் தெரியாத தோலைக் கொண்டு இந்த ஒப்பீடு செய்ய முடியாது. என் தாத்தா பென்சிலில் எழுதிய இடப்பெயரும் ஒருநாள் ஒரு மாணவருக்குப் பயன்படக்கூடும்.

ஆனால் என் சான்றிதழை எடுத்துப் பார்த்தால், விலங்கின் பெயர், எண்ணிக்கை, அளவு, அடையாளம். அதோடு முடிந்தது. இந்த இடத்தில்தான் வனத்துறைக்கு ஒரு வார்த்தை சொல்ல விரும்புகிறேன். அந்தப் படிவத்தோடு ஒரு தாளைச் சேருங்கள். எங்கே, எப்போது, யார் யார் கூட இருந்தார்கள், குடும்பத்தில் என்ன சொல்லப்படுகிறது என்று எழுதச் சொல்லுங்கள். 2003-ல் மத்திய அரசு, அறிவிக்காமல் வைத்திருந்தவர்களுக்கு 180 நாள் அவகாசம் கொடுத்தது. பலருக்கு அது தெரியாமலே போயிற்று. இன்று அவர்கள் பயத்தில் இருக்கிறார்கள். பயந்தவர்கள் ராத்திரியோடு ராத்திரியாகக் கொளுத்துகிறார்கள், கிணற்றில் போடுகிறார்கள். பொருளோடு குறிப்பும் அழிகிறது. கடத்தல்காரருக்கு இடம் கொடுக்காத வகையில் இன்னொரு முறை அவகாசம் தருவதும், வருகிற ஒவ்வொரு பொருளோடும் அதன் கதையைப் பதிவதும் அரசால் முடிகிற காரியம். 1902-ல் தொடங்கிய காஸ் வன அருங்காட்சியகம் கோவையிலேயே இருக்கிறது. பழங்குடித் தடம் பார்ப்பவர்களின் பெயரோடு அங்கே ஒரு சுவர் வேண்டும்.

பிள்ளைகளுக்கு வேண்டாம் என்றால் அதற்கும் இப்போது வழி உண்டு. 2022 திருத்தத்தின்படி, சான்றிதழ் உள்ளவர்கள் முதன்மை வன உயிரினக் காப்பாளருக்கு ஏழு வேலைநாள் முன்னறிவிப்புக் கொடுத்து ஒப்படைத்துவிடலாம். இழப்பீடு கிடையாது; எதிர்பார்க்கவும் கூடாது. என் மகனுக்கு விருப்பமில்லை என்றால் எங்கள் கொம்பும் அப்படித்தான் போகும், பலகையோடு. கூடவே ஒன்று: முதுமலைப் பக்கம் சுற்றுலா போகிறவர்கள் கீழே உதிர்ந்து கிடக்கும் மான் கொம்பை நினைவுப்பொருள் என்று எடுத்து வராதீர்கள். சட்டப்படி அதுவும் குற்றம். அந்தக் கொம்பில் உங்களுக்குச் சொல்ல எதுவுமில்லை. காட்டில் முள்ளம்பன்றிக்கு அதைக் கொறிக்கும் வேலை இருக்கிறது.

வீட்டில் பழைய கொம்போ தோலோ இருக்கிறவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அதைப் பற்றித் தெரிந்த பெரியவர் இன்னும் உங்களோடு இருந்தால், இந்த வாரமே பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். எந்த மலை, எந்த வருஷம், எத்தனை குண்டு, கறி யார் யாருக்குப் போயிற்று. முக்கியமாக, காட்டுக்குள் முன்னால் நடந்தவர் யார் என்று கேளுங்கள். பெயர் தெரிந்தால் எழுதுங்கள். அவர் குடும்பம் எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் ஒருமுறை போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள்.